பழைய புக்மார்க்கில் குடியிருப்பது யார்?

கேள்வி: கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கடந்தகால வினாத்தாள்களுக்காகப் பத்து வருடங்களுக்கு முன் ஓர் இணையத்தளத்தைப் புக்மார்க் செய்து வைத்திருந்தேன். பேத்திக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறதே என்று சென்ற வாரம் அதை அழுத்தினால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. கணினியில் வைரஸ் இருப்பதாகவும் 4500 ரூபாவுக்கு மென்பொருள் போட வேண்டும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள், ரீச்சர். முதலில் அதே முகவரியைப் பேத்தியின் கைப்பேசியில் தட்டிப் பாருங்கள். அங்கேயும் சூதாட்டம்தான் வருகிறது என்றால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை. எதையும் அழுத்தாமல் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இணையத்தளப் பெயர் யாருக்கும் அறுதியாகச் சொந்தமில்லை. வயலைப்போல வருடக் கணக்கில் குத்தகைக்குத்தான் கிடைக்கும். டொட் கொம் பெயர் என்றால், தவணை முடிந்த பிறகு பழையவருக்குச் சிறிது அவகாசம் உண்டு. அதையும் விட்டால் கூடுதல் கட்டணத்துடன் மீட்க 30 நாட்கள். அதன்பின் மீட்க முடியாமல், பெயர் நீக்கப்படக் காத்திருக்கும் 5 நாட்கள். பிறகு எவரும் வாங்கலாம். உங்களைப்போலப் பழைய பழக்கத்தில் வந்து கதவைத் தட்டுகிறவர்கள் இருப்பதால்தான் சூதாட்டக்காரர்கள் இப்படிப்பட்ட பெயர்களைத் தேடி வாங்குகிறார்கள்.

சூதாட்டப் பக்கம் வந்தது ஒருவகையில் நல்லதுதான். ஆள் மாறிவிட்டது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. புதிதாக வாங்கியவர் பழைய பக்கத்தை அச்சு அசலாக அப்படியே வைத்திருந்தால்தான் ஆபத்து. அந்தத் தளத்துக்கு நீங்கள் ஒரு காலத்தில் கடவுச்சொல் சேமித்திருந்தால், குரோம் போன்ற உலாவி அதை மறக்காமல் நிரப்பிக்கொண்டு நிற்கும். அதற்குப் பெயர்தான் தெரியும், ஆளைத் தெரியாது. நீங்கள் உள்நுழைவுப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்றால் அதுவும் போய்விடும். ஆகவே புக்மார்க்கை அழிப்பதோடு நிற்காமல், சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலில் அந்தத் தளம் இருந்தால் அதையும் அழியுங்கள். அதே சொல்லை வேறு எங்கு வைத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் மாற்றுங்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டு அடையாளத்தை நம்பிப் பயனில்லை. வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். அந்த முனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. மக்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் 2023இல் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு வங்கியின் புக்மார்க்கையும் அழித்துவிடாதீர்கள். சரியான பக்கத்தில் நின்று நீங்களே சேமித்தது என்றால், ஒவ்வொரு முறையும் கூகுளில் வங்கியின் பெயரைத் தேடி முதலில் வருவதை அழுத்துவதைவிட அதுவே மேல். தேடலில் போலி விளம்பரமும் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: பழைய மடிக்கணினியை விற்கப் போகிறேன். படங்களையும் கோப்புகளையும் அழித்துவிட்டேன். புக்மார்க்குகள் வெறும் இணைப்புகள்தானே, அப்படியே விட்டால் என்ன? (வாசகர், ஏறாவூர்)

பதில்: ஒருமுறை கல்லடியில் ஒரு கொமியூனிகேஷனில் படிவம் அச்சிடப் போனேன். அங்கிருந்த கணினியின் குரோமில் என் கணக்கால் உள்நுழைந்து, ஒத்திசைவுக்கும் (ஒரே கணக்கில் உள்ள கருவிகள் எல்லாவற்றிலும் புக்மார்க்குகளை ஒன்றாக வைக்கும் வசதி) யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன். இரவு கைப்பேசியைப் பார்த்தால், யாரோ ஒருவரின் புக்மார்க்குகள் என் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தன. கனடா விசாப் புள்ளிக் கணக்கு. நகை அடகு வட்டி. கருத்தரிப்புச் சிகிச்சை பற்றி மூன்று பக்கங்கள். "அண்ணாவின் காசு" என்று அவரே பெயர் வைத்த ஒரு விரிதாள். நான் அதைத் திறக்கவில்லை. ஆனால் "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று வைத்திருந்தால் கடவுச்சொல் இல்லாமலே திறந்திருக்கும். முகம் தெரியாத ஒரு மனிதரின் வீட்டுக் கவலையெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. என்னுடையவை அந்தக் கடையில் யார் கண்ணில் பட்டனவோ!

ஆகவே விடக்கூடாது. ஆனால் ஒவ்வொன்றாக அழிக்கவும் தொடங்காதீர்கள். ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்தால் கைப்பேசியிலும் அவை மறைந்துவிடும். முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். (அந்தக் கோப்புக்குப் பூட்டு எதுவும் கிடையாது, பென்டிரைவை இரவல் கொடுக்காதீர்கள்.) பிறகு கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அடுத்து விண்டோஸ் அமைப்புகளில் கணினியை மீட்டமைக்கும் இடத்துக்குப் போய், எல்லாவற்றையும் அகற்றும் தெரிவை எடுங்கள். தரவைத் துடைக்கும் தெரிவையும் அங்கேயே இயக்குங்கள். சில மணி நேரம் பிடிக்கும், செலவு இல்லை.

கேள்வி: பாவித்த கணினி ஒன்று வாங்கினேன். முன்னையவரின் புக்மார்க்குகளில் நல்ல பாடப் பக்கங்கள் இருக்கின்றன. பயன்படுத்தலாமா? (மாணவர், சம்மாந்துறை)

பதில்: வேண்டாம் தம்பி. புக்மார்க்கின் பெயர் ஒன்றாகவும் போகும் இடம் வேறாகவும் இருக்கலாம். முகவரி இருக்கும் இடத்தில் "ஜாவாஸ்கிரிப்ட்" என்று தொடங்கினால் அது முகவரியே அல்ல, நிரல். நீங்கள் உள்நுழைந்து நிற்கும் பக்கத்தில் அழுத்தினால் அங்கேயே இயங்கும். கணினியை முழுதாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவித் தரும்படி விற்ற கடையிடமே கேளுங்கள். பற்றுச்சீட்டில் கணினியின் தொடர் இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பற்றுச்சீட்டே தர மாட்டோம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.