கத்தரிக்காயும் கூலியும் – ஒரு கடிதம்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலை போய்விடும் என்ற பேச்சு, அளந்து பார்த்தவர்களிடம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் பி.காம். படித்தவன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம். கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்குவது குறைகிறது. உழைப்புக்கு மட்டும் அந்த விதி கிடையாதா? கிடையாது என்றால் நாளைக்கே நாள்கூலியை ஐயாயிரம் ஆக்கிவிடலாமே? எங்கள் பக்கம் நூறு நாள் வேலை வந்தபிறகு நடவுக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. கூலியும் ஏறிவிட்டது. அமெரிக்காவில் பர்கர் கடைகளைப் பார்த்து எழுதிய ஆய்வு எங்கள் வயலுக்குப் பொருந்துமா என்று சொன்னால் நன்றாயிருக்கும்.

எஸ்., தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

ஐயாயிரம் ரூபாய்க் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1938-ல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியது. அதைத் தன் ஆளுகையில் இருந்த போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் அப்படியே பொருத்தினார்கள். அங்கே வீட்டில் உட்கார்ந்து பூத்தையல் போட்ட பெண்களுக்கு மணிக்குச் சில சென்ட்டுகள்தான் கிடைத்துவந்தன. தையல் தொழில் பலத்த அடிவாங்கியது. 1940-லேயே சட்டத்தைத் திருத்தி, தீவுக்குத் தனியாகக் குறைந்த கூலி வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். ஆகவே எல்லை உண்டு. ஊரில் நடப்புக் கூலியைப் போலப் பல மடங்கு வைத்தால் வேலை போகும். நீங்கள் சொன்ன பர்கர் கடை ஆய்வை எழுதிய பொருளாதார அறிஞர்கள் கார்டும் க்ரூகரும் இதை மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இனி பர்கர் கடைகள். இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது செய்யப்பட்ட விதத்தில்தான் ருசி இருக்கிறது.

1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. அன்றைக்கு அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு கிடையாது. சட்டம் போட்டபோது இருந்த நல்ல காலம் அது அமலுக்கு வந்தபோது இல்லை, வியாபாரம் மந்தமாகியிருந்தது. டெலவர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே 4.25 அப்படியே இருந்தது. இரண்டு கரையிலும் அதே கம்பெனிகளின் கடைகள், அதே பண்டங்கள், வேலைக்கு வருவதும் அதே மாதிரிப் பிள்ளைகள். அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் பர்கர் கிங், கே.எஃப்.சி., வெண்டீஸ், ராய் ராஜர்ஸ் ஆகியவற்றின் 410 கடைகளுக்குக் கூலி ஏறும் முன்பே போன் போடச் செய்தார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம், சாப்பாடு என்ன விலை? நவம்பர், டிசம்பரில் மறுபடி அதே கேள்விகள். போனில் பிடிபடாத கடைக்கு ஆளை நேரில் அனுப்பினார்கள். மூடிப்போன கடையை விட்டுவிட்டால், கூலி உயர்வால் விழுந்தவனை ஒதுக்கிவிட்டு நின்றவனை மட்டும் எண்ணியதாகிவிடும் அல்லவா? அந்தக் கவனம் எனக்குப் பிடித்தது.

இரண்டு அரைநேர ஆட்களை ஒரு முழுநேர ஆளாக வைத்துப் போட்ட கணக்கு இது. நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரியாக 20.4 பேர் இருந்தது 21.0 ஆனது. கூலி ஏறாத பென்சில்வேனியாவில் 23.3 இருந்தது 21.2 ஆகக் குறைந்தது. மந்தநிலை ஆற்றின் இரு கரைக்கும் பொது. கூலி உயர்வு வேலையைத் தின்றிருந்தால் நியூ ஜெர்சி இன்னும் ஆழமாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கூடவே இன்னொன்றும் கண்டார்கள்: நியூ ஜெர்சி கடைகளில் சாப்பாட்டு விலை மறுகரையைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தது. இதை நினைவில் வையுங்கள், உங்கள் வயலுக்கு வரும்போது தேவைப்படும்.

1994-ல் ஆய்வு வெளிவந்ததும் கிளம்பிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கானன், தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்று எந்த இயற்பியலாளராவது சொல்வாரா என்று பத்திரிகையில் கேட்டார். கூடவே இங்கே அச்சிடக் கூசுகிற ஒரு வசையும் சொன்னார். வசையைவிடக் கனமான எதிர்ப்பு டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வைத்தது. போனில் கேட்டதை நம்பாமல் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்து, வேலை குறைந்தது என்றார்கள். அந்தப் பதிவேடுகளில் ஒரு பகுதியைத் திரட்டித் தந்தது உணவகத் தொழிலோடு தொடர்புள்ள ஓர் அமைப்பு. கார்டும் க்ரூகரும் அரசிடம் இருந்த சம்பளப் பதிவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். விளைவு இல்லை, அல்லது மிகச் சிறிது. பிறகு வந்தவர்கள் மாநில எல்லையின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மாவட்டங்களை நாடு முழுக்க ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்ததிலும் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. எதிர்ச்சான்றும் உண்டு: சியாட்டில் நகரம் 2016-ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 13 டாலர் வரை ஏற்றியபோது, குறைந்த சம்பள வேலைகளின் மணிநேரம் சுமார் 9 சதவீதம் குறைந்தது என்று அவ்வூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே சொன்னார்கள். அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். க்ரூகர் 2019-ல் மறைந்தார். 2021-ல் நோபல் பரிசில் பாதி கார்டுக்கு வந்தது.

சரி, கத்தரிக்காய் விதி ஏன் பிசகுகிறது? உங்கள் வயலையே எடுத்துக்கொள்வோம், எண்கள் என் கற்பனை. நடவுக்கு இருபது பெண்கள் 400 ரூபாய்க்கு வருகிறார்கள். இன்னும் ஐந்து பேர் வேண்டும், அவர்கள் 450 கேட்கிறார்கள். ஐந்து பேருக்கு மட்டும் 450 கொடுத்துவிட்டு வரப்பில் நிற்க முடியுமா? இருபது பேருக்கும் ஏற்றியாக வேண்டும். ஐந்து பேருக்கு 2,250, பழைய இருபது பேருக்குக் கூடுதலாக 1,000. ஆக, புதிதாக வரும் ஒவ்வொருத்தியும் உங்களுக்கு 450 அல்ல, 650 ரூபாய். நீங்கள் கணக்குப் போட்டு, இருபது பேரே போதும், நடவு இரண்டு நாள் தள்ளிப் போகட்டும் என்று இருந்துவிடுகிறீர்கள். இப்போது எல்லோருக்கும் 450 என்று வெளியிலிருந்து ஒருவர் விதித்துவிட்டால்? இருபது பேருக்கும் எப்படியும் 450 கொடுத்தாக வேண்டும். இருபத்தொன்றாவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 450. கூலி ஏறியது, உங்கள் லாபம் குறைந்தது, ஆனால் ஆளைக் கூட்டுவது முன்னைவிட மலிவாகிவிட்டது! ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினாலும் கணக்கு இப்படித்தான் போகும். வேலை கொடுப்பவர் சிலராகவும் கேட்பவர் பலராகவும் உள்ள இடத்தில் கூலி இப்படி அமுங்கிக் கிடக்கும் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-லேயே எழுதிவைத்தார். கத்தரிக்காய்க்கு இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் இன்னும் ஒரு கிலோ வாங்கினால் சந்தையில் விலை நகராது.

ஏட்டுக் கணக்கு என்று நீங்கள் சொல்லலாம். வயலிலேயே அளந்தும் இருக்கிறார்கள். பிரியாத ஆந்திரத்தில் நூறு நாள் வேலையின் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியாக, கசிவில்லாமல், தாமதமில்லாமல் கொடுக்கும் முறை வந்தபோது, எந்த மண்டலத்துக்கு (நம்மூர் ஒன்றியம் மாதிரி) முதலில், எதற்குப் பின்னால் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் அந்த மண்டலங்களை ஒப்பிட்டார்கள். திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியது. அந்தக் கூடுதலில் 86 சதவீதம் நூறு நாள் வேலையிலிருந்து வரவில்லை, வெளிவேலையிலிருந்து வந்தது. தனியார் கூலியும் ஏறியது, தனியாரிடம் வேலையும் கூடியது. இரண்டும் ஒருசேர. நிலம் சிலர் கையில் குவிந்திருந்த ஊர்களில் வேலை இன்னும் அதிகமாகக் கூடியது. மேலே சொன்ன கணக்கு அங்கே தரையில் நடந்திருக்கிறது. கையில் வேறொரு வேலை இருக்கிறது என்றாலே ஒருத்தி இன்ன கூலிக்குக் கீழே வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறது. நூறு நாளும் அவள் அங்கே போகவேண்டும் என்றுகூட இல்லை.

அதே ஆய்வில் உங்கள் பக்கத்துக்கும் ஒரு வரி இருக்கிறது: நிலத்திலிருந்து வரும் வருவாய் குறைந்தது. இதை மறைத்துவிட்டு உங்களிடம் பேசுவது நேர்மையாகாது. உங்கள் இழப்பு மெய்யானது. ஆனால் நீங்கள் இழந்ததும் அவர்கள் வேலை இழப்பதும் இரண்டு வேறு செய்திகள். உங்கள் கடிதம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தவிர, ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன கூலி சொன்னீர்கள் என்று எழுதவில்லை.

இப்போது அந்த 4 சதவீதத்துக்கு வருவோம். நியூ ஜெர்சிக் கடைக்காரர் கூலி உயர்வில் ஒரு பகுதியை பர்கர் வாங்குகிறவர் தலையில் ஏற்றிவிட்டார். நீங்கள் யார் தலையில் ஏற்றுவீர்கள்? கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு விலை எழுதுவது நீங்கள் அல்ல. மத்திய அரசு அறிவிக்கும் ஆதரவு விலை நாடு முழுவதற்கும் ஒன்று. கூலிச் செலவும் அந்தக் கணக்கில் சேர்கிறது என்றாலும் அது எல்லா மாநிலங்களையும் கலந்த சராசரிச் செலவு. தமிழ்நாட்டில் விவசாயக் கூலி தேசிய சராசரியைவிட மேலே நிற்கிறது. அந்த இடைவெளியை மாநிலத்தின் ஊக்கத்தொகை எவ்வளவு நிரப்புகிறது என்பதில்தான் உங்கள் நஷ்டமும் லாபமும் இருக்கிறது. நடவுக்கு வரும் பெண்ணோடு ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டி அந்த இடைவெளியை அடைக்க முடியாது. உங்கள் ஏக்கர் கணக்கில் கூலி எவ்வளவு, விதை உரம் எவ்வளவு, கொள்முதலில் கைக்கு வந்தது எவ்வளவு என்று எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.