ஒற்றைச் செர்ரி மரம்

அன்புள்ள ஐயா,

தோட்டத்தில் 7 வருடத்துக்கு முன் ஒரு பிங் செர்ரி கன்று வைத்தேன். 3 வசந்தமாக இலை தெரியாமல் பூக்கிறது. பிஞ்சுகளோ மிளகு அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. உரத்தை இரட்டிப்பாகப் போட்டும் பயனில்லை. வெட்டிவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

வெட்டாதீர்கள். உங்கள் மரத்துக்கு ஒரு நோயும் இல்லை, துணைதான் இல்லை.

அப்படி உதிர்ந்த பிஞ்சை நகத்தால் பிளந்து பார்த்திருக்கிறேன். விதை இருக்க வேண்டிய இடம் பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கும். இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காது. தேனீ கொண்டுவந்து வைத்தாலும், மகரந்தத்திலிருந்து சூலை நோக்கி முளைக்கும் மெல்லிய குழாய், பூவின் நடுத்தண்டான சூல்தண்டுக்குள் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இன்னொரு மரம் வைத்தால் சரியாகிவிடுமா? எந்த ரகம் என்பதுதான் கேள்வி. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றும் இந்த விஷயத்தில் ஒரே குலம். பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்றுக்கொன்று உதவாது. பெயர் வேறாக இருக்கிறதே என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். ஸ்டெல்லா வாங்குங்கள். கனடாவின் சம்மர்லாந்து ஆய்வு நிலையம் 1968இல் வெளியிட்ட ரகம் அது. தனியாக நின்றே காய்க்கும், பிங்குக்கும் மகரந்தம் தரும். 30 மீட்டருக்குள் இருந்தால் மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும்.

இடம் இல்லையென்றால் கவலை வேண்டாம். கோடையின் கடைசியில் உங்கள் மரத்தின் ஒரு கிளையிலேயே ஸ்டெல்லாவை மொட்டு ஒட்டுக் கட்டிவிடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். அந்தக் கிளை பூக்கச் சில வருடம் ஆகும். அதுவரை, ஒத்துப்போகும் வேறு ரகம் யாரிடமாவது இருந்தால், பூத்த கிளைகளைக் கேட்டு வாங்கி வாளித் தண்ணீரில் போட்டு மரத்தடியில் வையுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள்.

அப்புறம், உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் தளிர்தான் ஓடும். கவாத்து செய்வதானால் மழையில்லாத கோடை நாளில் செய்யுங்கள். ஈரக் குளிரில் வெட்டிய காயத்தில் கிருமி எளிதில் புகுந்துவிடும். வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது, செர்ரி அதைத் தாங்காது.

பூ உதிர்ந்து 3 வாரம் கழித்து ஒரு காம்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். பிஞ்சு பச்சையாக நின்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்குள் வலையும் வாங்கி வைத்துவிடுங்கள், பழம் சிவக்கும்போது பறவைகள் உங்களுக்கு முன்னால் வந்துவிடும்.