மருத்துவர் பதில்கள்: தூக்க மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. அப்பா காலமான பின் தூக்கமின்றித் தவித்ததால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்ப டாக்டர் அல்பிரசோலாம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் இன்றுவரை வாங்கிக் கொடுத்து வருகிறோம். முழங்கால் வலிக்கு வேறொரு டாக்டர் கொடுத்த டிரமடால் மாத்திரையும் சாப்பிடுகிறார். சென்ற மாதம் இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது தடுமாறி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. பகலில் மறதியும் கூடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அந்த மாத்திரைதான் காரணம், இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்கிறான் தம்பி. நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தம்பி சந்தேகப்படுவது நியாயமே. ஆனால், அவர் சொல்லும் வழி ஆபத்தானது. தயவுசெய்து இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அல்பிரசோலாமைச் சில வாரங்களுக்கு மேல் நாள்தோறும் சாப்பிட்டு வந்தால், மூளை அந்த மருந்து இருக்கும் நிலைக்கே தன்னைப் பழக்கிக்கொண்டுவிடும். அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால், முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை, படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், மனக்குழப்பம் ஆகியவை வரலாம்; சிலருக்கு வலிப்பே வந்துவிடும். உங்கள் தாயாரின் விஷயத்தில் இந்த அபாயம் இன்னும் ஒரு படி கூடுதல். ஏனெனில், டிரமடாலுக்கும் வலிப்பைத் தூண்டும் தன்மை உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வருவதும் நல்லதல்ல. இவ்விரு மருந்துகளும் ஒன்றுகூடி மயக்கத்தை அதிகரித்து மூச்சை மந்தமாக்கக்கூடியவை. ஆகவே, இந்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துச் சென்று, இரண்டு மருந்துச்சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துக் காட்டுங்கள். வலி மாத்திரை கொடுத்தவருக்குத் தூக்க மாத்திரையைப் பற்றித் தெரிந்திருக்காது என்பதே என் ஊகம். டிரமடாலையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் எதைக் குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும். அதற்கு முன்பாகவே, எழுப்ப முடியாத அளவுக்கு மயங்கியிருந்தாலோ, மூச்சு மிக மெதுவாக வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அல்பிரசோலாமைக் குறைக்கும்போது, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது சாப்பிட்டு வரும் அளவில் 5 முதல் 10 சதவீதம் வரைதான் குறைப்பார்கள்; எந்த இரண்டு வார இடைவெளியிலும் கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை. இரண்டு ஆண்டுப் பழக்கத்தை விடப் பல மாதங்கள் ஆகலாம். நடுவில் நடுக்கமோ பதற்றமோ தலைகாட்டினால், அதே அளவைச் சில வாரங்கள் மாற்றாமல் கொடுத்து, பிறகு குறைப்பதைத் தொடருவார்கள். இது தோல்வியல்ல என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அவர் விழுந்ததற்கும் மறதிக்கும் மாத்திரை காரணமாக இருக்கலாமா என்றால், நிச்சயமாக இருக்கலாம். முதியவர்களின் உடலில் அல்பிரசோலாமின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குப் போட்ட மாத்திரையில் பாதி, மறுநாள் பிற்பகல் 2 மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. அது வெளியேறி முடியும் முன்பே அடுத்த மாத்திரை உள்ளே போய்விடுகிறது. நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து நடப்பவருக்குக் கால் தள்ளாடுவதில் வியப்பில்லை. இதனால்தான் 65 வயதைக் கடந்தோருக்கு இவ்வகை மாத்திரைகளைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் பரிந்துரைக்கிறது. மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். ஈரத்தரையும் மடிந்து கிடக்கும் மிதியடியும் வேண்டாம். மறதிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், அதைத் தனியாகவும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தப் பழைய சீட்டுதான். மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிராத ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கக்கூடாது என்பது விதி. அல்பிரசோலாம், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கென 2013-இல் கொண்டுவரப்பட்ட எச்1 பட்டியலில் உள்ள மருந்து. நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். இது வெறும் காகித வேலையல்ல. ஒரு மாதம் முடிந்து சீட்டைப் புதுப்பிக்க நீங்கள் டாக்டரிடம் போயிருந்தால், இந்த மாத்திரை இனி தேவையா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். தூக்க மாத்திரையைத் தொடங்கும் நாளிலேயே அதை எந்த நாளில், எப்படி நிறுத்தப் போகிறோம் என்பதையும் டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

கேள்வி: என் வயது 36. என் கணவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சோல்பிடெம் 10 மில்லிகிராம் மாத்திரையை, தூக்கம் வராத நாள்களில், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நானும் போட்டுக்கொள்கிறேன். காலையில் ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளியில் விடும்போது தலை கனமாக இருக்கிறது. போன வாரம் ஒருநாள் காலை, சமையலறை மேடையில் பாதி சாப்பிட்ட தயிர்சாதமும் திறந்த ஊறுகாய் ஜாடியும் இருந்தன. இரவில் நான்தான் எழுந்து சாப்பிட்டேனாம். எனக்கு எதுவுமே நினைவில்லை. பயமாக இருக்கிறது.
- வாசகி, திருப்பூர்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். இனி இந்த மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் சாப்பிட்டு வந்திருப்பதால், நீங்கள் உடனடியாக நிறுத்திவிடலாம். முதல் கடிதத்தில் சொன்ன படிப்படியான குறைப்பு, நாள்தோறும் சாப்பிடுபவர்களுக்கு உரியது.

தூக்கம் கலையாமலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, சாப்பிடுவது, வண்டி ஓட்டுவது ஆகியவை இந்த மருந்துக்கு உரிய, அரிதான, ஆனால் நன்கறியப்பட்ட விளைவுகள். இப்படி உயிரிழந்தவர்களும் உண்டு என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. ஒருமுறை இப்படி நடந்துவிட்டவர் மறுபடியும் இதைச் சாப்பிடக்கூடாது. அன்று உங்கள் கையில் கிடைத்தது தயிர்சாதம்; பற்றவைத்த அடுப்பாகவோ ஸ்கூட்டர் சாவியாகவோ அது இருந்திருக்கலாம். இந்த அனுபவத்தை இனி எந்த டாக்டரிடம் போனாலும் மறக்காமல் சொல்லுங்கள்.

காலைத் தலைகனத்துக்கும் விளக்கம் உண்டு. பெண்களின் உடல் சோல்பிடெமை ஆண்களைவிட மெதுவாகவே வெளியேற்றுகிறது. 10 மில்லிகிராம் சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டும் திறனைப் பாதிக்கக்கூடிய அளவு மருந்து ஆண்களில் 3 சதவீதத்தினரிடமும், பெண்களில் 15 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. இதையொட்டி 2013-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொடக்க அளவு 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. உங்கள் கணவருக்கென்று கணக்கிட்ட மாத்திரை உங்களுக்கு இரு மடங்காகிவிட்டது. அதுவும் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டும் காலை வேளையில்.

உங்கள் தூக்கமின்மைக்கு இதுவரை யாரும் காரணம் தேடவில்லை என்று தெரிகிறது. தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு கூடிய மூச்சுத்தடை, இரும்புச்சத்துக் குறைவால் படுத்ததும் கால்களில் வரும் குடைச்சல் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். நீடித்த தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையன்று, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புவது ஆகியவை அதன் முக்கியப் பகுதிகள். முதல் இரண்டு வாரங்கள் கடினமாக இருக்கும். ஆனால், மாத்திரை தராத நிலைத்த பலனை இது தருகிறது.

கேள்வி: இரவு 10 மணிக்கு டாக்டர் சொன்ன தூக்க மாத்திரையைப் போட்டும் 2 மணிக்கு விழித்துவிடுகிறேன். இன்னொன்று போடலாமா? எப்போதாவது மது அருந்தும் நாள்களில் என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: இன்னொன்று போடக்கூடாது, விடிவதற்குள் அதன் வேகம் அடங்காது. தினமும் இப்படி விழிப்பு வந்தால், அளவைக் கூட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மது அருந்திய இரவில் மாத்திரையே வேண்டாம், ஒரு கோப்பைதானே என்ற கணக்கும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளும் மயக்கத்தைக் கூட்டும் என்பதால், அவற்றை வாங்கும்போது தூக்க மாத்திரை சாப்பிடுவதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது தெரியாமலோ, மனம் உடைந்தோ அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். காலியான மாத்திரை அட்டைகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து, எத்தனை என்பது அங்கே முதலில் தெரிய வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.