பாப்பா, ஐமேப்பா? வாசகர் கேள்விகள்

கேள்வி: போன், வீட்டு லேப்டாப், ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றிலும் ஒரே மெயிலைப் பார்க்க வேண்டும். பாப் வைப்பதா, ஐமேப் வைப்பதா?

ஐமேப். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டும் சர்வரில், அதாவது மெயில் கொடுப்பவரின் கம்ப்யூட்டரில், இருக்கும் மெயிலை நம்மிடம் காட்டும் வழிகள்தான். பாப் (இப்போது பாப்3) மெயிலை இறக்கி எடுத்துக்கொள்ளும், ஐமேப் சர்வரில் வைத்தபடியே எல்லாக் கருவியிலும் காட்டும்.

கேள்வி: பாப்3 வைத்திருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்த நாளில் வந்த மெயில்கள் போனில் வருவதே இல்லை. ஏன்?

லேப்டாப் முந்திக்கொண்டு அள்ளிக்கொண்டு வந்துவிட்டது, அதனால்தான். செட்டிங்கில் ‘சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், போடுங்கள். ஆனாலும் லேப்டாப்பில் படித்தது போனில் படிக்காததாகவே நிற்கும், லேப்டாப்பிலிருந்து அனுப்பியது பெரும்பாலும் லேப்டாப்போடு நின்றுவிடும். ஐமேப்புக்கு மாறிவிடுங்கள். மாறும் முன் லேப்டாப்பில் உள்ளதை பேக்கப் எடுங்கள்.

கேள்வி: என் மெயில் ஒரு வாரமாக வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

எந்த மெயில்? எந்த ஆப்? வரவில்லையா, போகவில்லையா? திரையில் என்ன எழுதி வருகிறது? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாத நீங்கள், பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம் பேசலாம்.

கேள்வி: பாப் பழசு, ஐமேப் புதுசு என்கிறார்களே?

ஐமேப்பை மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கத் தொடங்கியது 1986-இல். பாப் அதற்கு ஓரிரு வருடம் மூத்தது. அண்ணன் தம்பிதான்.

கேள்வி: போனில் இடம் இல்லையென்று பழைய மெயில் ஆறாயிரத்தை அழித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் போய்விட்டது! ஐமேப் என்றால் எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாரே?

அந்தக் கடைக்காரரைத்தான் பல வருடமாகத் தேடுகிறேன். ஊருக்கு ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது. ஐமேப் என்பது பேக்கப் அல்ல, அல்ல, அல்ல. இருப்பது ஒரே பெட்டி. போனும் கம்ப்யூட்டரும் அதைப் பார்க்கிற ஜன்னல்கள். ஒரு ஜன்னல் வழியாகக் கைவிட்டு எடுத்து வெளியே போட்டால், இன்னொரு ஜன்னலில் எப்படித் தெரியும்? உங்கள் ஐமேப் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

நானும் பட்டவன்தான். ஒருமுறை சர்வீஸுக்கு வந்த பையன் ‘க்ளீன் பண்ணித் தர்றேன் சார்’ என்று நாலு வருடக் கடிதங்களைத் துடைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உடனே குப்பைத் தொட்டியைப் பாருங்கள். ஜிமெயில் என்றால் 30 நாள் வரை அங்கே கிடக்கும். போனில் இடம் மிச்சமாக வேண்டுமானால் மெயிலை அழிக்காதீர்கள், ‘எத்தனை நாள் மெயில் சிங்க் ஆக வேண்டும்’ என்ற எண்ணைக் குறையுங்கள். பேக்கப்புக்கு தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப்பில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ இருக்கிறது. அதற்குள் மெயில்களை காப்பி செய்து, அதை வெளி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி எடுத்துவையுங்கள். மாதம் ஒருமுறை, அரை மணி நேர வேலை.

கேள்வி: போர்ட் எண் என்ன போடுவது?

போர்ட் என்பது சர்வரின் எந்த வாசலைத் தட்டுவது என்று சொல்லும் எண். ஐமேப் 993, பாப் 995. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே என்க்ரிப்ஷனோடு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி, பேசுபவை. என்க்ரிப்ஷன் இல்லாமல் தொடங்கும் 143, 110 என்று யாராவது போட்டுக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். மெயில் அனுப்புவது எஸ்எம்டிபி, அதற்கு 465 அல்லது 587. ஐமேப் எண்ணை அங்கே போட்டுவிட்டு ‘போகமாட்டேன் என்கிறது’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஜிமெயில் பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடிக்கிறேன், அவுட்லுக் ஏற்கமாட்டேன் என்கிறது.

வெறும் பாஸ்வேர்டை கூகுள் இப்போது ஏற்பதில்லை. ‘சைன் இன் வித் கூகுள்’ ஜன்னல் வந்தால் அதன் வழியாகப் போங்கள். பழைய அவுட்லுக்கில் அது வராது. கூகுள் கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டுவிட்டு, அங்கேயே 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் (ஒரு ஆப்புக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்ட்) ஒன்று எடுத்து அதைக் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் பாப் யாருக்குமே வேண்டாமா?

வேண்டும். ஒரே கம்ப்யூட்டர் உள்ள கடை, ஹோஸ்டிங்காரர் (வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் சர்வரில் இடம் தருபவர்) கொடுத்த ஒரு ஜிபி பெட்டி, தினமும் வந்து குவியும் பில்கள். பெட்டி நிரம்பினால் புது மெயில் திரும்பிப் போய்விடும். அங்கே பாப் வைத்து, 14 நாள் கழித்து சர்வரிலிருந்து அழி என்று சொல்லிவிடலாம். அதன்பின் உங்கள் மெயில் முழுக்க அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பேக்கப் எடுக்காமல் அதை ஃபார்மெட் செய்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.