1980களின் முரட்டு கேம்களை இன்றைக்கு ஆடினால் பொறுமை தாங்குமா?

கேட்டிருப்பது இதுதான்: 1980களில் வந்த கணினி விளையாட்டுகளில் சில பெரிதாக ஆசைப்பட்டவை, ஆனால் ஆடுபவரைப் பாடாய்ப் படுத்துபவை. இன்றைய ஆள் ஒருவர் அவற்றை எடுத்து ஆடினால் பொறுமை தாங்குமா, எதில் தொடங்கலாம்?

தாங்கும். ஆனால் கேமை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தாங்காது. அந்தக் காலத்து கேம்களில் பாதிதான் வட்டில் இருந்தது. மீதி, பெட்டிக்குள் காகிதமாக வந்தது.

நான் வளர்ந்தது கீழக்கரையில். பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்) ஃப்ளாப்பியில் நகலெடுத்து வைத்திருந்ததுதான் எங்களுக்கு கேம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கேமின் டாஸ் பதிப்பில், அதாவது அன்றைய பிசிக்கான பதிப்பில், தொடக்கக் கட்டங்களிலேயே ஓர் அறை வரும். எழுத்துகள் போட்ட மருந்துக் குப்பிகள் அங்கங்கே நிற்கும். எந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். நகலெடுப்பவர்களுக்காக வைத்த பூட்டு அது. கையேட்டைக் கண்ணால் பார்க்காத எங்களுக்கு அது சூதாட்டம். கேம் முரடு என்று நம் ஊர்களில் பெயர் வாங்கியவற்றில் பலவற்றின் கதை இப்படித்தான்.

எலைட்டில் தொடங்குங்கள். விண்கலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு வாங்கி விற்கும் கேம். 1984ல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினிக்காக எழுதியது. மொத்த நினைவகமே 32 கிலோபைட். அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 ஊர்கள், அதாவது கிரகங்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. ஆறு பைட் எண் ஒன்றை எடுத்து, கணக்குப் போட்டுப் போட்டு, ஊரின் பெயர், ஆட்சி, சந்தை எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் உண்டாக்கினார்கள். இதே முறையில் பல லட்சம் கோடி மண்டலங்கள் செய்திருக்கலாம்; அத்தனையையும் திறந்துவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்துவிடும் என்று வெளியீட்டாளர் எட்டோடு நிறுத்தச் சொன்னார். நல்ல முடிவு என்பேன்.

கையில் 100 கிரெடிட்டோடு லேவ் என்ற இடத்தில் இறக்கிவிடுவார்கள். இதைச் செய், அங்கே போ என்று சொல்ல ஆளில்லை. லேவ் விவசாய ஊர், உணவு மலிவு. பக்கத்து ஜயான்ஸ் தொழில் ஊர், அங்கே கம்ப்யூட்டர் மலிவு. சரக்கை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜயான்ஸ் வரைக்கும் வந்துவிடலாம், அங்கே விண்வெளி நிலையத்துக்குள் நுழைவதில்தான் பாதிப் பேர் கேமை மூடுவார்கள். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். வாசலோ தபால்பெட்டி வாய் அகலம். உங்கள் கலத்தால் உருள முடியும், மூக்கைத் தூக்கித் தாழ்த்த முடியும். நேராக இடம் வலம் திரும்ப முடியாது. தொட்டால் சரக்கோடு கலம் போச்சு.

என் அக்கா வீட்டுக்காரர் பாம்பனில் விசைப்படகு டிரைவர். ஒருநாள் நான் முட்டி மோதுவதை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பாம்பன்ல தூண் நிக்கும், தண்ணி இழுக்கும். இங்க வாசல் சுத்துது, நீ நிக்கிற. தூரத்துலயே நேர் பிடிச்சுட்டு மெதுவா விடு, பக்கத்துல போய்த் திருப்பாத." கேம் எதிர்பார்ப்பதும் அதேதான். வாசல் எப்போதும் கிரகத்தைப் பார்த்தே இருக்கும். அதனால் கிரகத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே போய் நின்று, திரும்பி, வாசலைத் திரையில் தெரியும் குறுக்குக் கோட்டின் நட்டநடுவில் வைத்து, வேகத்தைக் குறைத்து, அது சுழலும் வேகத்துக்கு நீங்களும் உருள வேண்டும். தெரிந்துகொண்டால் சிரமமே இல்லை. 1500 கிரெடிட் சேர்ந்ததும் தானாகவே நுழைக்கும் கருவி வாங்கலாம், ஆனால் அதற்குள் உங்களுக்கே கை பழகியிருக்கும்.

அடுத்து அல்டிமா 4, ஒரு பாத்திரமாக ஊர் ஊராக அலைந்து ஆடும் கேம். ரிச்சர்ட் கேரியட், 1985. கடைசியில் கொல்வதற்கு அரக்கன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம் என எட்டு நற்குணங்களில் தேற வேண்டும். மூலிகை விற்கும் அம்மாவுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு தருகிறாய் என்று உங்களையே கேட்பார். ஒரு காசு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். திரையில் ஒன்றும் நடக்காது. ஆனால் உள்ளே உங்கள் நேர்மைக் கணக்கு இறங்கியிருக்கும். கோட்டையில் ஒரு ஞானி இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். இந்தத் துணிச்சல் இன்றைக்குக் கோடிகளைக் கொட்டி எடுக்கும் கேம்களில்கூட அபூர்வம். அதே கேமில் சண்டைகள் அறுவை, ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மந்திரத்துக்கு எந்த மூலிகையோடு எதைக் கலப்பது என்பது கையேட்டில்தான் இருக்கிறது. இணையத்தில் கேம்கள் கிடைக்கும் ஜிஓஜி (GOG) தளத்தில் கேமும் கையேடுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஊர்க்காரர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள்; ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவரிடம் தட்டச்சு செய்து கேட்டால்தான் அவர் வாயைத் திறப்பார்.

பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதி இருக்கிறது. கரண்ட் போகும் ஊர்க்காரன் நான், அதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலைட்டில் நிலையத்துக்குள் இருந்தால்தான் சேவ் செய்ய முடியும். சரக்கோடு வாசலை நெருங்கும்போது கை நடுங்குவதே அதனால்தான். நொடிக்கொரு சேவ் போட்டால் அந்த நடுக்கம் போய், திரையில் வெறும் கோட்டு ஓவியம்தான் மிஞ்சும். 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் கெடுவுக்கும் இதேதான்.

அவ்வளவு நேரமில்லை, ராத்திரி சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம்தான் என்றால் 1980ல் வந்த ரோக் போதும். படமே இல்லை, எல்லாம் எழுத்துகள். நீங்கள் ஒரு @. நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும், செத்தால் முதலிலிருந்து. அதற்கும் கையேடு உண்டு. அதையும் முதலில் படியுங்கள்.