எரிமலை சொல்லிவிட்டு வருகிறது, நிலநடுக்கம் சொல்வதில்லை

நிலநடுக்கம், எரிமலை இரண்டையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எரிமலை ஆராய்ச்சி என்றதும் நெருப்புக் குழம்புக்குப் பக்கத்தில் நிற்பீர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?

பதில்: பெரும்பாலும் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். எரிமலையைச் சுற்றி மண்ணில் புதைத்து வைத்திருக்கும் நில அதிர்வுமானிகள் தரையின் அசைவை நொடிக்கு நூறு முறைகூட அளந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவு திரையில் ஒரு நெளிகோடாக வரும். அதில் எது நிலநடுக்கம், எது பக்கத்துச் சாலையில் போன லாரி, எது காற்றில் மரம் ஆடியதால் வேர் அசைத்த மண் என்று பிரிப்பதிலேயே வேலையில் பெரும்பங்கு போய்விடும். மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் வைத்தாலும் கோடு சும்மா இருக்காது, கடல் அலைகள் உண்டாக்கும் மெல்லிய அதிர்வு கண்டத்தின் நடுவில்கூடப் பதிவாகும். 2020இல் உலகம் முழுக்க ஊரடங்கு வந்தபோது மனிதர்கள் எழுப்பும் அதிர்வு சில இடங்களில் பாதியாகக் குறைந்ததைப் பல நாட்டுக் கருவிகள் காட்டின. வழக்கமாக இரைச்சலில் மூழ்கிப்போகும் சின்னச் சின்ன நடுக்கங்கள் அப்போது பகலிலும் தெரிந்தன.

ஒரு நிலநடுக்கம் கோட்டில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முதலில் ஒரு சின்னத் துள்ளல். அது பி அலை, பாறைக்குள் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் வருவது. அதன் பின்னால், விநாடிக்கு மூன்றரை கிலோமீட்டர் அளவில் எஸ் அலை வரும், அது வந்ததும் கோடு அகலமாக ஆடத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று பார்த்து எட்டால் பெருக்கினால் நடுக்கம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி நடந்தது என்று தோராயமாகக் கிடைத்துவிடும். 5 விநாடி என்றால் 40 கிலோமீட்டர். மூன்று நான்கு நிலையங்களில் இப்படிப் பார்த்தால் இடமே தெரிந்துவிடும். இப்போது இயந்திரக் கற்றல் நிரல்கள் இந்த வேலையை வேகமாகச் செய்கின்றன, ஆனால் எரிமலைக்கு அடியில் வரும் பல அதிர்வுகளில் எஸ் அலை தெளிவாகவே இருக்காது, அங்கே நிரல் தடுமாறும், நாம்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

களப்பணியும் உண்டு. குழி தோண்டுவது, பேட்டரியைச் சுமந்துகொண்டு ஏறுவது, சோலார் பலகையில் படிந்த சாம்பலைத் துடைப்பது, எலி கடித்த ஒயரை மாற்றுவது.

கேள்வி: "நாளை இரவு பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது, பகிருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அப்படி நாள் குறித்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. இடம், நாள், அளவு மூன்றையும் சேர்த்து முன்கூட்டியே சொல்லும் வழி இன்று உலகில் யாரிடமும் இல்லை. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.

முயற்சி செய்யாமல் இல்லை. கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற இடத்தில் 1857இலிருந்து 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை கிட்டத்தட்ட ஒரே அளவில் நடுக்கம் வந்தது. அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று கணித்து, அந்தப் பகுதி முழுக்கக் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பரில். அத்தனை கருவிகள் இருந்தும் அதற்கு முன்னால் நம்பத்தக்க அறிகுறி எதுவும் பதிவாகவில்லை. சீனாவில் 1975இல் ஹைசெங் நடுக்கத்துக்கு முன் தொடர்ச்சியாகச் சிறு நடுக்கங்கள் வந்ததால் மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள், பல உயிர்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டே டாங்ஷானில் அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 2,40,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சிறு நடுக்கத்தை வைத்துப் பெரியதைச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். ஜப்பானில் 2011 மார்ச் 11 பெருநடுக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு 7க்கு மேற்பட்ட அளவில் ஒன்று வந்தது. அது முன்னோடி என்று 11ஆம் தேதிக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிடத்தில் அதன் கோட்டைப் பார்த்தால் மற்ற எந்த நடுக்கத்தையும் போலத்தான் இருக்கும்.

செல்பேசியில் வரும் முன்னெச்சரிக்கை வேறு விஷயம். நடுக்கம் தொடங்கிய பிறகு, பி அலையைப் பிடித்து, பலமாக உலுக்கும் அலை நம்மிடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்னால் செய்தி அனுப்புவது அது. மையத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த விநாடிகள்கூடக் கிடைக்காது. ஆனாலும் ரயிலை நிறுத்தவும் மேசைக்கு அடியில் போகவும் சில விநாடி போதும்.

கேள்வி: அப்படியானால் எரிமலைக்கு மட்டும் எப்படி எச்சரிக்கை கொடுக்கிறீர்கள்?

பதில்: எரிமலை வெடிக்க வேண்டுமென்றால் மாக்மா, அதாவது நிலத்துக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு, மேலே ஏறி வர வேண்டும். ஏறும் வழியில் பாறையை உடைக்கும், அது சின்னச் சின்ன நடுக்கங்களாகத் தெரியும். மலை கொஞ்சம் வீங்கும், அதை ஜிபிஎஸ் கருவியும் செயற்கைக்கோள் ரேடாரும் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும். கந்தக டை ஆக்சைடு வெளியேறும், அதையும் தூரத்திலிருந்தே அளக்கலாம். எங்கள் பதிவுகளில் இன்னொரு வகை அதிர்வும் வரும். பாறை உடைவதுபோல் சட்டென்று இல்லாமல், தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் அடைபட்ட காற்று உறுமுவதுபோல் மெதுவாக, நீளமாக வருவது. வாயுவோ நீரோ மாக்மாவோ பிளவுகளுக்குள் நகர்வதால் அது வருகிறது. இந்த வகை கூடிக்கொண்டே போனால் கண்காணிப்பு நிலையத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்வது பினடுபோ. பிலிப்பைன்ஸில் சுமார் 500 ஆண்டுகள் அமைதியாக இருந்த மலை. 1991 ஏப்ரலில் நீராவி வெடிப்புகள் தொடங்கின. பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து அவசரமாகக் கருவிகளை வைத்தார்கள். மே 13 அன்று நாளுக்கு 500 டன்னாக இருந்த கந்தக வாயு இரண்டு வாரத்தில் பத்து மடங்கானது. பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். ஜூன் 15 அன்று அது வெடித்தபோது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பாக இருந்தது. அதே நாளில் புயலும் வந்து, ஈரச் சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தது உண்மைதான், ஆனால் குறைந்தது 5,000 உயிர்களாவது காப்பாற்றப்பட்டதாக அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் மதிப்பிடுகிறது.

இதற்கு நேர் எதிரானது கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ். அது அப்படியொன்றும் பெரிய வெடிப்பு அல்ல. 1985 நவம்பர் 13 இரவு, உச்சியில் இருந்த பனி உருகி, சேறும் பாறையுமாக ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து ஆர்மெரோ என்ற ஊரை மூடியது. மொத்தம் 23,000 பேர் இறந்தார்கள். அந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் முந்தைய மாதமே தயாராகியிருந்தது! சேறு வந்து சேர இரண்டரை மணி நேரம் இருந்தது, மேட்டில் ஏறி நின்றிருந்தாலே பிழைத்திருப்பார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரமாக வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆர்மெரோவுக்குப் பிறகு, பிரெஞ்சு எரிமலை ஆய்வாளர்கள் மோரிஸ் கிராஃப்ட், காட்யா கிராஃப்ட் தம்பதி எரிமலை எப்படியெல்லாம் கொல்லும் என்று பொதுமக்களுக்குக் காட்டும் வீடியோ ஒன்றைத் தயாரித்தார்கள். அதன் முழுமையடையாத பிரதியைத்தான் பினடுபோவைச் சுற்றியிருந்த அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். வரைபடத்தைப் பார்த்து அசையாதவர்கள் அந்தக் காட்சிகளைப் பார்த்துக் கிளம்பினார்கள். பினடுபோ வெடிப்பதற்கு 12 நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் கிராஃப்ட் தம்பதி உட்பட 43 பேர் கொதிக்கும் சாம்பல் மேகத்தில் சிக்கி இறந்துபோனார்கள்.

எல்லா எரிமலையும் சொல்லிவிட்டு வரும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2014இல் ஜப்பானின் ஒன்டாகே, புதிய மாக்மா மேலே வராமல் நிலத்தடி நீர் சூடேறி வெடித்தது. எச்சரிக்கை மிகக் கீழ்நிலையில் இருந்ததால் மலையேற வந்தவர்கள் உச்சியில் இருந்தார்கள், இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். இந்த வகை வெடிப்புக்கு முன்னறிகுறியைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் துறையில் இப்போது பலரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி.

கேள்வி: நிலநடுக்கத்தில் 6 அளவுக்கும் 7 அளவுக்கும் ஒன்றுதானே வித்தியாசம்?

பதில்: எண்ணில் ஒன்று, வெளியாகும் ஆற்றலில் சுமார் 32 மடங்கு. இரண்டு படி என்றால் ஆயிரம் மடங்கு. ஆனால் சேதம் அதை மட்டும் பொறுத்ததல்ல. ஆழம், மண்ணின் தன்மை, முக்கியமாகக் கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் சேதம்.

கேள்வி: நிலநடுக்கம் எரிமலையைக் கிளப்பிவிடுமா?

பதில்: அபூர்வமாக, அதுவும் ஏற்கெனவே வெடிக்கத் தயாராக இருக்கும் எரிமலையை. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவில் நடுக்கம் வந்தது, கருவிகள் பதிவு செய்ததிலேயே பெரியது. அடுத்த இரண்டு நாளுக்குள் அதே நாட்டின் கோர்டோன் கவுயே வெடித்தது. மற்றபடி உலகின் ஒரு மூலையில் நடுக்கமும் இன்னொரு மூலையில் எரிமலையும் ஒரே வாரத்தில் வந்தால் முடிச்சுப் போட வேண்டாம், இரண்டுமே அடிக்கடி நடப்பவைதான்.

கேள்வி: இளநிலை இயற்பியல் படிக்கிறேன். நிலவியல் தெரியாமல் இந்த ஆராய்ச்சிக்கு வரலாமா?

பதில்: தாராளமாக. இயற்பியல், கணிதம், பொறியியல் படித்துவிட்டு வந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய. பாறைகளைப் பற்றி வந்த பிறகு படித்துக்கொள்ளலாம், ஆனால் அலைகளின் கணிதமும் கோடிங்கும் முன்னாலேயே கைவந்திருந்தால் முதல் ஆண்டு மூச்சு முட்டாது. இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உலகின் பல நில அதிர்வு நிலையங்களின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றைப் படிக்க ஆப்ஸ்பை என்ற பைதான் தொகுப்பும் இலவசம். சமீபத்தில் வந்த ஒரு நடுக்கத்தை எடுங்கள், பக்கத்தில் இருக்கும் நான்கு நிலையங்களின் பதிவை இறக்குங்கள், பி அலை எங்கே தொடங்குகிறது, எஸ் அலை எங்கே தொடங்குகிறது என்று உங்கள் கையாலேயே குறியுங்கள். அப்புறம் மேலே சொன்ன கணக்கைப் போட்டு இடத்தைக் கண்டுபிடித்து, அதிகாரபூர்வ அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போனது, ஏன் தள்ளிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பேசுவோம்.