பீடி சுற்றிக் கட்டிய வீடு

அன்புள்ள அக்கா,

திருமணம், வாரிசுரிமைக்கு மதத்துக்கு ஒன்றாக உள்ள தனிநபர் சட்டங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இந்துச் சட்டத்தை 1956-லும் 2005-லும் சீர்திருத்தியாயிற்று. எங்கள் வீட்டிலும் தங்கைக்குச் சம பங்கு கொடுத்துவிட்டோம். இனிமேல் மாற வேண்டியது முஸ்லிம் சட்டம் மட்டும்தானே?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

தங்கைக்குப் பங்கு கொடுத்தீர்களே, மனசு நிறைந்தது. நம் பக்கத்தில் 'பொங்கப்படி (பொங்கல் சீர்) கொண்டுவர அண்ணன் தம்பி வேண்டாமா' என்று சொல்லியே, சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். என் அம்மாவிடம் அப்படித்தான் வாங்கினார்கள்.

ஆனால் 'சீர்திருத்தியாயிற்று' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முக்கூடலில் பிள்ளையில்லாத ஒரு விதவை, பீடி சுற்றிச் சேர்த்த காசில் வீடு கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயில் விழுந்தபோது பார்த்துக்கொண்டது பெற்ற தாய். உயில் எழுதாமல் அவள் இறந்தால் வீடு தாய்க்குப் போகாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி கணவனின் வாரிசுகளுக்குப் பின்னால்தான் தாய் தகப்பன். எட்டிக்கூடப் பார்க்காத கொழுந்தன் வந்து சாவியைக் கேட்கலாம்.

இது கற்பனை இல்லை. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண், பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சேர்த்த சொத்து. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கணவன் வழியினருக்கே கொடுத்தது. இரக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதாம். அதே சட்டத்தில் ஆண் இறந்தால் அவன் தாய் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி மக்களோடு சேர்ந்தே பங்கு பெறுபவள். யோசித்துப் பாருங்கள்.

மேலப்பாளையத்தில் அதே பீடியைச் சுற்றும் முஸ்லிம் பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் தம்பியின் பங்கில் பாதிதான். அது மாறத்தான் வேண்டும். ஆனால் அவள் இறந்தால் தாயின் பங்கை யாரும் தடுக்க முடியாது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீட்டில் மகனும் மகளும் சமம். பிள்ளையில்லாத மகள் இறந்தாலோ, தகப்பன் உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு ஒன்றுமில்லை. அது 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். மூன்று வீட்டிலும் ஏதோ ஒரு பெண் வெளியே நிற்கிறாள். அடுத்த வீட்டைக் காட்டி நம் வீட்டை மறப்பது அவளுக்கு உதவாது.

சரி, சட்டம் மாறும்வரை தங்கையிடம் உயில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பத்திரத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும்.